ரம்பம் பட்ட லீ-என்ஃபீல்டுகள்: பழைய ராணுவ ரைஃபிளின் கட்டையைக் காப்பதா, மாற்றுவதா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் ஸ்னைப்பர்கள் (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள்) ஏந்திய லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கு ‘நம்பர் 4 (டி)’ என்று பெயர். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, குண்டுகளை நெருக்கமாகப் போட்ட ரைஃபிள்களைத் தனியே பொறுக்கியெடுத்து, லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதன் இடப்பக்கத்தில் தொலைநோக்கியைத் தாங்கும் இரண்டு தகடுகளைப் பொருத்தினார்கள். சுடுபவர் கன்னம் வைக்க ஒரு மரத்துண்டை, தோளில் பதியும் மரமான அடிக்கட்டையின் மேல் திருகினார்கள். நம்பர் 32 தொலைநோக்கியை ஏற்றி, இரண்டையும் ஒன்றாகச் சரிபார்த்தார்கள். கடைசியாக, அந்தத் தொலைநோக்கியின் எண்ணை அடிக்கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் படியும் இடத்தில், மரத்திலேயே பொறித்தார்கள்.

அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளின் இரும்பில் அது எங்கும் கிடையாது. மரத்தில் மட்டும்தான் இருந்தது. போர் முடிந்தபின் ரைஃபிள் ஒரு பக்கமும் தொலைநோக்கி ஒரு பக்கமுமாக உபரிச் சந்தைக்கு வந்தன. ரைஃபிளை வாங்கியவர் பழைய அடிக்கட்டையைக் கழற்றி வீசிவிட்டு, வேட்டைக்கு ஏற்ற புதுக் கட்டை ஒன்றைப் பூட்டினார் என்றால், இன்ன தொலைநோக்கி இன்ன ரைஃபிளுக்கு உரியது என்பதற்கு ரைஃபிளில் இருந்த சான்று அன்றோடு அடுப்புக்குப் போனது. ரைஃபிள் இன்றும் சுடும். தொலைநோக்கியும் உலகில் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் இருக்கலாம். ரைஃபிளை வைத்து அதைத் தேடிச் சேர்க்க இனி வழியில்லை.

பழைய ராணுவ ரைஃபிளை அப்படியே காப்பதா, நவீனக் கட்டை பூட்டிப் புழங்குவதா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ‘என் பொருள், என் விருப்பம்’ என்று ஒரு தரப்பு. ‘சரித்திரத்தைச் சிதைக்காதே’ என்று இன்னொரு தரப்பு. இந்த ஆய்வுக்கு நான் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில், இவ்வளவு பல நாடுகளில், இவ்வளவு விதமாக வெட்டப்பட்ட ராணுவ ரைஃபிள்கள் மிகச் சிலவே. நமக்கும் அது அந்நியமானதன்று. கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் அதைச் செய்தது. ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயரில் நம் காவல் நிலையங்களில் அது நின்றது. என்.சி.சி.யில் அதைத் தோளில் சாய்த்து அணிவகுத்தவர்களின் தோளெலும்பு அந்த நான்கு கிலோ எடையை மறந்திருக்காது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடைகொடுத்தது. இந்தியாவில் 303 (அதாவது 0.303 அங்குலம்) தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட குழல் துளையளவு என்பதால், கட்டையை வெட்டும் கேள்வி இங்கே தனியார் கைக்கு வரவில்லை. அது பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கதை.

இரண்டு துண்டுக் கட்டை

ஜெர்மனியின் மௌசர், ரஷ்யாவின் மோசின்-நாகாந்த், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய ரைஃபிள்களுக்குத் தோள் முதல் குழல் வரை ஒரே நீள மரம். லீ-என்ஃபீல்டுக்கு இரண்டு: தோளில் பதியும் அடிக்கட்டை, குழலைத் தாங்கும் முன்கட்டை. நடுவில் எஃகு உடல். அடிக்கட்டையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் ஒரு நீண்ட போல்ட் அதை எஃகோடு இறுக்கிப் பிடிக்கிறது. குழலின் மேற்புறத்தில் தனியாக ஒரு கைக்காப்பு மரம்.

இந்த அமைப்பின் அருமை அடிக்கட்டையில் தெரியும். நீளம், சாதாரணம், குட்டை, ‘பான்டம்’ என்ற மிகக் குட்டை என நான்கு அளவுகளில், ஒவ்வொன்றும் அரை அங்குல வித்தியாசத்தில் அதைச் செய்தார்கள். சிப்பாயின் கைநீளத்துக்கு ஏற்ப ஆயுதக் கம்மியர் மாற்றிப் பூட்டுவார். ‘பழைய கட்டை எனக்குக் குட்டையாக இருக்கிறது, அதனால்தான் பிளாஸ்டிக் கட்டை வாங்குகிறேன்’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் கைக்கு ஏற்ற அசல் கட்டையை அந்த ராணுவமே செய்து வைத்திருக்கிறது, ‘எல்’ என்ற முத்திரை உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் அனுபவத்துக்குப் பிறகு, காலாட்படைக்கு நீளமானது, குதிரைப்படைக்குக் குட்டையானது என்று இரண்டு வகை வைத்திருப்பதை விட்டு, எல்லோருக்கும் ஒரே குறுகிய ரைஃபிள் என்று பிரிட்டன் முடிவு செய்தது. அதில் 1907இல் வந்த மார்க் 3 தான் முதல் உலகப் போரின் ரைஃபிள். தொலைதூரத்துக்குக் கூட்டமாகச் சுடுவதற்கான பக்கக் குறி, தோட்டாப் பெட்டியைத் தடுக்கும் தகடு, அடிக்கட்டையில் படைப்பிரிவின் குறியைப் பொறிக்கப் பித்தளை வில்லை எல்லாம் அதில் இருந்தன. போரின் நெருக்கடியில் இவற்றைக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு நம்பர் 4 வந்தது. இங்கிலாந்தில் ஃபசாகர்லி, மால்ட்பி, ஷெர்லி. கனடாவில் லாங் பிராஞ்ச். அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் என அதைச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோவும் ஈஷாப்பூரும் பழைய மார்க் 3 வடிவத்திலேயே தொடர்ந்தன. எல்லா வகையும் சேர்ந்து 1 கோடியே 70 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ரம்பம் வந்த வழி

1950களில் போர் உபரி மலைமலையாகக் குவிந்தது. அமெரிக்காவில் சாமுவேல் கம்மிங்ஸின் இன்டர்ஆர்ம்ஸ் போன்ற நிறுவனங்கள் உலகெங்கும் கிடங்குகளைக் காலி செய்து கப்பலில் கொண்டுவந்தன. தபாலில் பணம் அனுப்பினால் ரைஃபிள் வீடு வந்து சேரும். விலை எந்த அளவுக்கு மலிவு என்பதற்கு ஒரு வேதனையான சான்று உண்டு: கென்னடியைச் சுட்ட இத்தாலிய ராணுவ ரைஃபிள், தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்குத் தபாலில் வந்தது. அந்தக் கொலைக்குப் பின் எழுந்த சூழலில்தான் 1968 சட்டம் உபரி ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்காவில் அடைத்தது. 1980களில்தான் கதவு மறுபடி திறந்தது.

அந்த மலிவு விலையில் வாங்கியவர் யார்? பெரும்பாலும் சேகரிப்பாளர் அல்லர். கனடாவில் மூஸ் மானுக்குப் போகிறவர், ஆஸ்திரேலியாவில் பண்ணையில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறவர். போரிலிருந்து திரும்பிவந்தவர்களுக்கு இந்த ரைஃபிள் கைப்பழக்கம். புதிதாக ஒரு வேட்டை ரைஃபிள் வாங்கும் பணம் அவர்களிடம் இல்லை. பயனட் மாட்டும் இரும்பு முகப்பும் குழல்முனைவரை போகும் மரமும் காட்டில் அவர்களுக்கு வெறும் சுமை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ரம்பத்தை எடுத்து முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், முனையை அரத்தால் உருட்டினார்கள், வார்னிஷ் பூசினார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். வீட்டுக்கு இறைச்சி கொண்டுவரும் கருவி அது. கிடங்குகளில் லட்சக்கணக்கில் கிடந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்தது ஒரு பக்கம் என்றால், பட்டறைகளும் இதையே செய்தன. பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் உபரி லீ-என்ஃபீல்டுகளை வாங்கி, முன்கட்டையைச் சுருக்கி, அழகாக முடித்து வேட்டை ரைஃபிளாக விற்றது. ஆஸ்திரேலியாவில் 303 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி 303/25 என்ற வேட்டைத் தோட்டாவை உருவாக்கி, குழலையே மாற்றினார்கள். கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் ஆர்ம்ஸ் இன்னொரு படி போனது: சாதாரண லீ-என்ஃபீல்டுகளை அறுத்து ‘ஜங்கிள் கார்பைன்’ என்ற பெயரில் விற்றது. உண்மையான ஜங்கிள் கார்பைன், நம்பர் 5, 1944 முதல் 1947 வரை மட்டுமே செய்யப்பட்ட தனி வகை. அந்த விற்பனைப் பெயரால், தன்னிடம் இருப்பது எது என்றே தெரியாத உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்படிக் கண்டபடி வெட்டப்பட்ட ரைஃபிளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘பப்பா கைபட்டது’ என்பார்கள். பப்பா என்பது அங்கே நாட்டுப்புறத்து ஆளுக்கு வைக்கும் கேலிப்பெயர். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வெட்டியவர் செய்தது தன் தேவைக்கு; அவருடைய ஏழ்மையைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. கேள்வி இன்று வெட்ட நினைப்பவரைப் பற்றியது.

மரம் சும்மா கிடப்பதில்லை

கட்டை என்பது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. லீ-என்ஃபீல்டில் இது பெரிய தவறு.

இந்த ரைஃபிளின் குழல் மெலிது. சுடும்போது அது சாட்டைபோல அதிர்கிறது. அந்த அதிர்வை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கச் செய்வதுதான் முன்கட்டையின் வேலை. மார்க் 3 வகையில், முகப்புக்கு அருகே மரத்துக்குள் ஒரு சிறு சுருள்வில்லும் அதன்மேல் ஒரு குமிழும் உட்கார்ந்து குழலை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நடுவே ஒரு உள்வளையம், அதற்கும் தனியே திருகும் வில்லும். நம்பர் 4இல் வில் கிடையாது. மரமே முனையில் சில பவுண்டு அழுத்தத்தோடு குழலைத் தாங்க வேண்டும். பின்னால், சுட்ட அதிர்ச்சி முழுவதையும் எஃகு உடலிலிருந்து மரம் வாங்கிக்கொள்ளும் இரண்டு சிறு முகங்கள் முன்கட்டையின் வால்பகுதியில் உண்டு. அந்த இரண்டும் சமமாகப் படிய வேண்டும். ஒன்று தேய்ந்தால் குண்டு பக்கவாட்டில் அலையும். லித்கோவில் போர்க்காலத்தில் வால்நட் கிடைக்காமல் உள்ளூர் மரங்களுக்கு, குறிப்பாக மென்மையான கோச்வுட்டுக்கு, மாறியபோது அந்த முகங்களில் செப்புத் துண்டுகளைப் பதித்தார்கள். ஈஷாப்பூரில் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகு போட்டார்கள். அந்தத் திருகைப் பார்த்தே ‘இது இந்தியாவில் புழங்கியது’ என்று இன்று கண்டுகொள்கிறார்கள்.

இப்போது ஒருவர் முன்கட்டையைப் பாதியில் அறுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில், குமிழ், முனையின் தாங்கல் எல்லாம் போயிற்று. மெலிந்த குழல் தாங்கலின்றி நிற்கிறது. குறிமுள்ளைக் காத்த இரும்புக் காதுகளும் மார்க் 3இல் முகப்போடு போய்விட்டன. அதன்பின் ‘303 சரியாகச் சுடாது’ என்று அவரே சொல்கிறார். நான் பார்த்தவரையில் லீ-என்ஃபீல்டின் துல்லியத்தைப் பற்றிய குறைகளில் பாதி, அறுத்த மரத்தையோ, காய்ந்து சுருங்கிய மரத்தையோ பற்றியவை.

குழலையும் பூட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்) சரியாகத் தாங்கினால் இது எப்படிச் சுடும் என்பதற்குத் தொலைதூரப் போட்டிக்காரர்கள் சாட்சி. லீ-என்ஃபீல்டின் பூட்டு பின்பக்கம் தாழிடுவது. அதனால் சுடும்போது உடல் சற்று வளைந்துகொடுக்கிறது. அந்த அசைவில், மெதுவாகப் போகும் குண்டு குழல்முனை சற்று உயரும் நொடியில் வெளியேறுகிறது. வேகமாகப் போவது அதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. ஆக, தோட்டாவுக்குத் தோட்டா உள்ள வேக வேறுபாட்டை ரைஃபிளே ஓரளவு ஈடுசெய்கிறது. நூறு கெஜத்தில் மௌசரிடம் தோற்பது, எண்ணூறு, ஆயிரம் கெஜத்தில் தலைநிமிர்வதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கு குழலும் உடலும் மரமும் சேர்ந்து அதிர்வதில் அமைந்தது. மரத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அசல் என்பது எந்த நாள்?

காப்பவர் தரப்பிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ‘தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்’ என்பார்கள். அப்படிப் பார்த்தால் போரைக் கண்ட ரைஃபிள்களில் பெரும்பங்கு அசல் அன்று.

ராணுவங்களே இவற்றை ஓயாமல் மாற்றின. ஃபின்லாந்தின் எம்39 ரைஃபிளைப் பாருங்கள். ஜார் காலத்து ரஷ்யாவில் செய்த மோசின்-நாகாந்தின் உடலை எடுத்து, புதிய குழல், இரண்டு துண்டுகளை விரல்கோத்ததுபோல் இணைத்த பிர்ச் மரக்கட்டை ஆகியவற்றைப் பொருத்திச் செய்தது அது. உடலில் 1890களின் ஆண்டு இருக்கும். குழலில் 1940களின் ஆண்டு இருக்கும். இதை ‘கலப்படம்’ என்று யாரும் ஒதுக்குவதில்லை, விரும்பிச் சேர்க்கிறார்கள். போருக்குப்பின் சோவியத் பட்டறைகள் மோசின்களைக் கழற்றி, செப்பனிட்டு, அரக்கு மெருகு பூசி, பூட்டு எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணைப் பொறித்தன. அதுவும் அந்த ரைஃபிளின் பணிக்காலத்தில் நடந்ததே.

லீ-என்ஃபீல்டிலும் அப்படித்தான். கையெறிகுண்டை ஏவுவதற்கான ரைஃபிள்களில், குழல் வெடித்தாலும் சிதறாமலிருக்க முன்கட்டையைச் சுற்றிக் கம்பி வரிந்தார்கள். சிலர் அதைப் பார்த்து ‘யாரோ கட்டுப்போட்டிருக்கிறார்கள்’ என்று கம்பியை அறுத்து எறிந்துவிட்டு மரத்தை மணல்தாளால் தேய்த்திருக்கிறார்கள். நெஞ்சு பதறுகிறது. ஈஷாப்பூர் 1960களில் அதே பழைய மார்க் 3 வடிவத்தை வலுவான எஃகில் செய்து, 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி, 2ஏ, 2ஏ1 என்று வெளியிட்டது. தோட்டாப் பெட்டி சதுரமாக, 12 தோட்டாக்களுடன். பழையதைப் புதுத் தேவைக்கு ஒரு தொழிற்சாலையே வளைத்த கதை அது, மதிப்போடுதான் பார்க்கிறோம்.

இந்த வாதத்தில் எனக்குக் கிடைத்த மிக வலுவான சான்று எல்42ஏ1. 1970ஐ ஒட்டி பிரிட்டிஷ் ராணுவம் தன்னிடம் மீந்திருந்த நம்பர் 4 (டி)களை எடுத்து, 7.62 அளவில் கனமான புதுக் குழலைப் பூட்டியது. முன்கட்டையைப் பாதியில் வெட்டியது. ஆம், வேட்டைக்காரர்கள் வெட்டிய அதே இடவாக்கில். கனமான குழலுக்கு மரத்தின் தாங்கல் வேண்டாம். அது எதிலும் படாமல் தனியே நிற்பதே நல்லது. ஆகவே வெட்டு அங்கே பொருத்தமானது. 1982இல் ஃபாக்லாந்துப் போருக்கு அந்த ரைஃபிள் போனது. இன்று ஒருவர் தன் எல்42ஏ1ஐ ‘அசலுக்குத் திருப்புகிறேன்’ என்று நீள முன்கட்டை பூட்டினால் அவர்தான் அதைச் சிதைப்பவர்.

ஆக, நான் காக்கச் சொல்வது தொழிற்சாலையின் முதல் நாளை அன்று. பணியில் இருந்த கடைசி நாளை. படையிலிருந்து வெளியேறியபோது அந்த ரைஃபிள்மேல் என்னென்ன தடயங்கள் இருந்தனவோ, அவ்வளவும் ஆவணம். மரத்தில் உள்ள கீறல், ஆய்வாளரின் முத்திரை, முகப்புக்குக் கீழே பொறித்த எண், சிப்பாய் ஒருவர் செதுக்கிய இரண்டெழுத்து, எல்லாம். ரைஃபிளின் இரும்பைப் பற்றித் தொழிற்சாலைப் பதிவேடுகளில் ஏதேனும் கிடைக்கலாம். மனிதர் கை பட்டது பெரும்பாலும் மரத்தில்தான் பதிவாகிறது. அதனால்தான் ரம்பத்தைவிட மணல்தாளைக் கண்டு எனக்கு அதிகப் பயம். ரம்பம் செய்ததை ஊரே பார்க்கும். மணல்தாள் அரைமணி நேரத்தில் எல்லா முத்திரையையும் அழித்துவிட்டு, ‘பளபளவென்று புதிதாக்கிவிட்டேன்’ என்று பெருமைப்படவும் வைக்கும்.

ஏற்கெனவே வெட்டியதை என்ன செய்வது?

எது வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்தது. மரம் மட்டும் போயிருந்தால் மீட்கலாம். வேறு முன்கட்டை, கைக்காப்பு, வளையங்கள், முகப்பு ஆகியவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். பொறுமையும் பணமும் கேட்கும் வேலை. பழைய மரம் வந்தவுடன் பூட்டிவிடவும் கூடாது; அந்த இரண்டு பின்முகங்களும் இந்த உடலுக்குப் படியும்வரை இழைக்க வேண்டும். குழலை வெட்டியிருந்தால் வேறு குழல் தேட வேண்டும். அந்த நிலையில் செலவு ரைஃபிளின் மதிப்பைத் தாண்டிவிடும். உடலில் தொலைநோக்கிக்காகத் துளை போட்டு, பின்குறியின் காதுகளை அரைத்துத் தள்ளியிருந்தால் விட்டுவிடுங்கள். அது வேட்டை ரைஃபிள், அப்படியே புழங்கட்டும்.

பார்க்கர்-ஹேல் போன்ற பட்டறைகளின் வேலை என்றால், உடல் முழுதாக இருந்தாலும் நான் திருப்ப மாட்டேன். அறுபது, எழுபது ஆண்டுகளாக அது அப்படித்தான் இருக்கிறது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஒரு ராணுவ ரைஃபிள் எப்படி நாட்டுப்புறக் கருவியானது என்பதற்கு அதுவே சான்று. ஒரு தாத்தா தானே அறுத்து, பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போன ரைஃபிளுக்கும் இதே பதில்தான். அதற்குப் புதிய முன்கட்டை தேடி அலைவதைவிட, அவர் அரம்போட்ட தழும்போடு வைத்திருப்பது மேல்.

திருப்பியமைப்பவர்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். வேறொரு ரைஃபிளின் முன்கட்டையைப் பூட்டும்போது அதிலுள்ள எண்ணைச் சுரண்டிவிட்டு உங்கள் ரைஃபிளின் எண்ணைப் பொறிக்காதீர்கள். எண் பொருந்தாமல் இருக்கட்டும். விற்கும்போது ‘மரம் பின்னாளில் சேர்த்தது’ என்று எழுதிக்கொடுங்கள். ‘எல்லா எண்ணும் பொருந்துகிறது’ என்ற மூன்று சொல்லுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதால், இந்த ஆசை வலியது. அப்படிப் பொய்யாய்ப் பொறித்த ஒவ்வொரு எண்ணும் மீதமுள்ள உண்மையான எண்களின் நம்பகத்தையும் கெடுக்கிறது. அறுத்தவர் ஒரு ரைஃபிளைக் கெடுத்தார். இவர் எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார்.

பிளாஸ்டிக் கட்டை

இன்றைய நிலைக்கு வருவோம். இழை கலந்த பிளாஸ்டிக்கில், அல்லது அடுக்கு மரப்பலகையில் செய்த நவீனக் கட்டைகள் பெட்டியில் வந்து இறங்குகின்றன. ஏ.டி.ஐ. நிறுவனம் லீ-என்ஃபீல்டுக்குச் செய்தது. பாய்ட்ஸ் அடுக்கு மரத்தில் செய்கிறது. மோசின்-நாகாந்துக்கு ஆர்க்காஞ்சல் என்ற கட்டை, கழற்றக்கூடிய பத்துத் தோட்டாப் பெட்டியோடு வருகிறது. 2000களில் அமெரிக்காவில் மோசின் நூறு டாலருக்கும் கீழே விற்றபோது, ரைஃபிளைவிடக் கட்டைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்களும் உண்டு.

இவற்றுக்கு நான் எதிரி அல்லன். அந்தக் காலத்து ரம்பத்தோடு ஒப்பிட்டால் இவை வரம். பழைய மரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் பூட்டலாம். நாளை மனம் மாறினால் நான்கைந்து திருகில் பழையபடி ஆக்கலாம். மழையில் மரம் ஊதிக் குழலை நெருக்கும் தொல்லை பிளாஸ்டிக்கில் இல்லை. தோளில் காயமுள்ளவர், உயரம் குறைந்தவர் ஆகியோருக்கு நீளம் மாற்றும் வசதி உண்மையிலேயே உதவுகிறது. சுடாமல் அலமாரியில் பூட்டிவைப்பதைவிட, நவீனக் கட்டையோடு வாரம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போகும் ரைஃபிள் எனக்கு மகிழ்ச்சியே தரும்.

ஆனால் துல்லியம் தானாகக் கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேலே சொன்ன மெலிந்த குழலுக்குத் தாங்கல் இல்லாமல் போனால் குண்டுகள் சிதறக்கூடும். முதலில் பழைய மரத்தைச் சரிபார்த்து, முனை அழுத்தம் இருக்கிறதா, பின்முகங்கள் படிகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு கட்டைக்குப் பணம் செலவழியுங்கள். புதுக் கட்டை உட்காரவில்லை என்று எஃகு உடலை அரம்போடுவதும், தொலைநோக்கிக்காகத் துளையிடுவதும் கூடவே கூடாது. நம்பர் 4க்கு, ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே பொருந்தும் தாங்கிகள் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சட்டத்திலும் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கி ‘கியூரியோ அண்டு ரெலிக்’ என்ற அரும்பொருள் வகையில் சேரும். சேகரிப்பாளர் உரிமம் உள்ளவருக்கு அதை வாங்குவது எளிது. ஆனால் அது அசல் அமைப்பில் இருக்க வேண்டும். மரத்தை அறுத்தபின் வயதை மட்டும் காட்டி அந்த வகையில் சேர்க்க முடியாது. எஸ்.கே.எஸ். போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் கட்டையை மாற்றுவது, இறக்குமதி உறுப்புகளின் எண்ணிக்கை வரம்பு என்ற வேறொரு விதியைத் தொடும். லீ-என்ஃபீல்டு கையால் இயக்குவது என்பதால் அந்தத் தொல்லை அதற்கு இல்லை.

‘1 கோடியே 70 லட்சத்தில் ஒன்றை நான் வெட்டினால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1955இல் அறுத்த ஒவ்வொருவரும் அதைத்தான் நினைத்தார்கள். பக்கக் குறியும் பித்தளை வில்லையும் அப்படியே உள்ள, மாற்றாத முதல் போர்க்கால மார்க் 3 ஒன்றை இன்று தேடிப் பார்த்தால், அந்த நினைப்பின் விளைவு தெரியும்.

கழற்றும்போது செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் பல அசல் கட்டைகள் வெட்டாமலேயே இந்த நேரத்தில்தான் பாழாகின்றன. மார்க் 3 வகையில் அடிக்கட்டையின் போல்ட்டுக்கு முனை சதுரம். அந்தச் சதுரம் எஃகைக் கடந்து, முன்கட்டையின் வாலிலுள்ள ஒரு சிறு தகட்டில் செருகி நிற்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் சதுரம் சுழன்று முன்கட்டையின் வாலைப் பிளந்துவிடும். நூறு ஆண்டு தாங்கிய மரம் ஒரு திருகில் போய்விடும். ஆகவே எப்போதும் முன்கட்டை முதலில், அடிக்கட்டை பிறகு. முன்கட்டையை இழுக்காமல், இருபுறமும் ஒரே அளவாய், மெல்லத் தட்டி இறக்குங்கள். திருகுகள், வில், குமிழ், வளையம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் இட்டு, ரைஃபிளின் எண்ணைச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள். மரத்தை பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெயை விரலால் மெல்லத் தேய்த்து, பருத்தித் துணியில் சுற்றி, தட்டையாகக் கிடத்துங்கள். போல்ட்டை எட்ட எப்படியும் அடிக்கட்டைத் தகட்டின் சிறு கதவைத் திறக்கத்தான் வேண்டும். திறந்ததும் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். யாரோ ஒரு சிப்பாய் கடைசியாகச் சுருட்டிவைத்த துடைப்புக் கயிறும் எண்ணெய்க் குப்பியும் சில ரைஃபிள்களில் இன்னும் அங்கேயே இருக்கின்றன.